வீங்கிய காலுக்கு நீர்க்குளிசை மட்டும் போதாது

திருகோணமலை மாவட்டத்துக் கிளினிக்குகளில் பணியாற்றும் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் வணக்கம்.

மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பஸ் ஏறி, செருப்புக்குள் நுழையாத காலோடு ஒருவர் வந்தால், சிறுநீரைக் கூட்டும் நீர்க்குளிசையை எழுதுமுன், இழையங்களில் கசிந்த நீரை (நிணநீரை) இரத்தத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நிணக்குழாயையும் நினைத்துப் பாருங்கள். அது சரியாக வேலை செய்யாததால் வருவதே நிணநீர் வீக்கம்.

நிணக்குழாய் வெறும் வடிகால் அல்ல, துடிக்கும் குழாய். இரு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் தன் சுவர்த் தசையால் நிமிடத்துக்குச் சில தடவை சுருங்கி, நிணநீரை மேலே தள்ளுகிறது. தூண்டல் அந்தத் தசையிலேயே பிறக்கிறது: குளோரைட் அயன்கள் வெளியேற, கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, தசை சுருங்குகிறது. குழாய் நிறைந்து விரிந்தால் துடிப்பு கூடும். அளவுக்கு மீறி விரிந்தாலோ வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாது, தள்ளிய நீர் கீழே வழியும். ஓட்டம் வேகமெடுத்தால் உட்சுவர் நைட்ரிக் ஒக்சைட் வாயுவைச் சுரந்து தசையைத் தளர்த்தி, அடுத்த நிரப்பலுக்கு இடம் கொடுக்கும். அழற்சியில் அதே வாயு சுற்றியுள்ள கலங்களிலிருந்தும் வெள்ளமாய் வருவதால் தாளமே குலைந்துவிடும். செலுலைட்டிஸ் (தோலிலும் அதன் அடியிலும் கிருமித்தொற்று) வந்த கால் திரும்பத் திரும்ப வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின், நிபெடிபின் அடைப்பதும் இதே கால்சியம் வாயில்களைத்தான். அவற்றால் வரும் கணுக்கால் வீக்கத்துக்கு முதற்காரணம் சிறுநாடிகள் விரிவது. நிணத் துடிப்பு தளர்வதும் அதோடு சேரலாம். அங்கே நீர்க்குளிசையைக் கூட்டுவதைவிட அந்த மருந்தின் அளவைக் குறைப்பதோ மருந்தையே மாற்றுவதோ மேல்.

இதயமோ சிறுநீரகமோ காரணமென்றால் நீர்க்குளிசை வேண்டும்தான். நிணநீர் வீக்கத்தில் அது நீரை எடுக்கும், இழையத்தில் தங்கிய புரதத்தை விட்டுவிடும். அந்தப் புரதம் மறுபடி நீரைப் பிடித்துவைக்கும். இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில், மேற்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க வராவிட்டால் அது பெரும்பாலும் நிணநீர் வீக்கம். தூக்க வந்தாலும் இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம்.

பார்த்த உடனே ‘யானைக்கால்’ என்று சொல்லிவிடாதீர்கள். இலங்கையில் அந்த நோய் வேரூன்றியிருந்தது மேல், தென், வடமேல் மாகாணங்களில்; பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அது இங்கே ஒழிந்ததை 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, பழைய செலுலைட்டிஸ் பற்றி முதலில் கேளுங்கள்.

நிணநீர் வீக்கத்துக்குக் காலை அழுத்திக் கட்ட வேண்டும். சாதாரண கிரேப் பண்டேஜ் அதற்குப் பொருந்தாது: படுத்திருக்கும்போது இறுக்கும், நடக்கும்போது விட்டுக்கொடுக்கும். அதிகம் இழுபடாத குறுநீட்சிப் பண்டேஜ்தான் கெண்டைத் தசை புடைக்கும்போது எதிர்த்து நின்று குழாயை அமுக்கும். கட்டுமுன் பாத நாடியைப் பாருங்கள். கணுக்காலின் இரத்த அழுத்தம் கையின் இரத்த அழுத்தத்தில் பாதிக்கும் குறைவென்றால் கட்டவே கூடாது. கட்டுப்படாத இதயச் செயலிழப்பிலும் கூடாது. தோலுக்குப் பூச்சு, அதன்மேல் பஞ்சு, பிறகு 10 செ.மீ. அகலப் பண்டேஜ். விரல் அடியில் தொடங்கி, குதிகாலையும் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மறைக்க முழங்கால் வரை வாருங்கள். கட்டின் அழுத்தம் கணுக்காலில் கூடவும் மேலே குறையவும் வேண்டும். மேலே இறுகினால் பாதம்தான் வீங்கும். விரல் நீலித்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்கச் சொல்லுங்கள். கட்டோடு நடக்கட்டும், நடக்காத காலில் கட்டு பாதி வேலைதான் செய்யும்.

தம்பலகாமத்து வயற்சேற்றில் நிற்கிறவருக்கு விரல் இடுக்கைக் கழுவி ஈரம் ஒற்றக் கற்றுக்கொடுங்கள். கிருமி நுழைவது அந்த வெடிப்புகளால்தான். வீங்கிய காலோடு கன்னியா வெந்நீரூற்றுக் குளியல் வேண்டாம்; சூடு இன்னும் நீரை ஊறவைக்கும்.

ஒவ்வொரு கிளினிக்கிலும் ஓர் அளவு நாடாவும் கட்டத் தெரிந்த ஒரு தாதியும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். இரு கால்களையும் ஒரே இடங்களில் அளந்து, கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள்.

இப்படிக்கு,
நிணநீர் வீக்கப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ளோர்
திருகோணமலை