இரண்டாவது குண்டுக்கு யார் உத்தரவிட்டார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹிரோஷிமா நினைவு நாளையொட்டி வந்த கட்டுரை, அன்றைய அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஒவ்வொரு அணுகுண்டுக்கும் தனித்தனியே யோசித்து உத்தரவிட்டார் என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை.

இருந்தது ஒரே உத்தரவு. 1945 ஜூலை 25 தேதியிட்ட அதை பசிபிக் பகுதி விமானப்படைத் தளபதி ஜெனரல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பியவர், ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரில் இருந்ததால் அவர் பொறுப்பைக் கவனித்துவந்த தாமஸ் ஹேண்டி. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன், மார்ஷல் இருவரின் ஒப்புதல்தான் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. ட்ரூமனின் கையெழுத்து இல்லை. ஆகஸ்ட் 3 வாக்கில் தொடங்கி, இலக்கைக் கண்ணால் பார்த்துப் போடும்படி வானம் தெளிந்ததும் ஹிரோஷிமா, கொகுரா, நீகாட்டா, நாகசாகி ஆகியவற்றில் ஒன்றின்மீது முதல் குண்டைப் போட வேண்டும். (கியோத்தோவை ஸ்டிம்சன் பிடிவாதமாக நீக்கவைத்தார், நாகசாகி கடைசி நேரத்தில்தான் பட்டியலுக்குள் வந்தது.) ஜப்பானைச் சரணடையச் சொன்ன பாட்ஸ்டாம் அறிக்கை வெளியானதே மறுநாள்தான்.

முக்கியமானது இரண்டாவது பத்தி. அடுத்தடுத்த குண்டுகளைத் தயாரானவுடன் இதே இலக்குகள்மீது போட வேண்டும் என்கிறது அது. எத்தனை என்ற வரம்பில்லை, எவ்வளவு இடைவெளி என்றில்லை, மறுபடி அதிபரைக் கேட்க வேண்டும் என்றும் இல்லை. அதனால்தான் ஆகஸ்ட் 11க்குத் திட்டமிட்ட இரண்டாவது தாக்குதலை, மோசமான வானிலை வரப்போகிறது என்பதற்காக 9ஆம் தேதிக்கு முன்தள்ள முடிந்தது. வாஷிங்டனில் யாரும் உட்கார்ந்து புதிதாக முடிவெடுக்கவில்லை. அன்று காலை கொகுராவின்மேல் மூன்று முறை பறந்தும் புகைமூட்டத்தில் இலக்கு தெரியவில்லை. விமானத்தில் ஒரு பம்பு பழுதாகி, கூடுதல் தொட்டியிலிருந்த எரிபொருளை எடுக்கவும் வழியில்லை. நாகசாகி பக்கம் திரும்பினார்கள். ஹிரோஷிமாவுக்கும் இதற்கும் மூன்றே நாள்; அழிவின் அளவை டோக்கியோ முழுதாக அறிந்துகொள்ளவே அது போதாது.

ட்ரூமன் தெளிவாகத் தலையிட்டது அதற்குப் பிறகு. அடுத்த குண்டு ஆகஸ்ட் 17 அல்லது 18க்குப் பின் போடத் தயாராகிவிடும் என்று 10ஆம் தேதி அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் க்ரோவ்ஸ் மார்ஷலுக்குக் குறிப்பு அனுப்பினார். அதே தாளில் மார்ஷல் தம் கைப்பட எழுதினார்: அதிபரின் வெளிப்படையான அனுமதியின்றி அதை ஜப்பான்மீது போடக் கூடாது. ஜூலை 25 உத்தரவில் இப்படி ஒரு வரி இருந்ததில்லை.

– ஒரு வாசகர்