பத்து மணிக்கு நின்ற பாட்டு

மண்டபம்,
பங்குனி, ஞாயிறு இரவு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மீன்பிடித் தடைக்காலம் நெருங்குகிறது. ஏப்ரல் 15இல் விசைப்படகெல்லாம் கட்டிப்போட்டுவிடுவார்கள். என்ஜின் வேலைக்கு இப்போதே நாள் குறிக்க ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இன்றைக்குப் பட்டறை பூட்டியிருக்கிறது, வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் மதுரையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன மாதம் அங்கே கல்லூரிப் பையன்கள் நாலு பேர் ஒரு சின்ன அரங்கில் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கிடார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ். பாடுவதற்கு ஆள் கிடையாது. கூட்டம் ஒரு அறுபது பேர் இருக்கலாம். நாலைந்து உருப்படி வாசித்துவிட்டு, கடைசியாகத் தாங்களே அமைத்தது ஒன்று, இருபது நிமிடம் வரும் என்று அறிவித்தார்கள். மாப்ளே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தக் காலத்தில், நம்ம மதுரையில், இருபது வயசுப் பையன் இருபது நிமிட உருப்படி வாசிக்கிறேன் என்கிறான்!

கீபோர்டில் ஒரு மெட்டு மெதுவாகத் தொடங்கியது. ஏழு எண்ணிக்கைத் தாளம். பேஸ் அதற்கு அடியில் வேறொன்று சொல்லிக்கொண்டே வந்தது. ஐந்தாவது நிமிடத்தில் அந்த மெட்டைக் கைவிட்டுவிட்டு வேறு எங்கோ போனார்கள். பத்தாவது நிமிடத்தில் கிடாரில் அதன் பாதி மட்டும் எட்டிப்பார்த்தது. இனி முழுசாக வரப்போகிறது, எல்லாருமாகச் சேர்ந்து வாசிக்கப்போகிறார்கள் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பதினாலாவது நிமிடம் இருக்கும், ஸ்பீக்கர் செத்துவிட்டது. பத்து மணி ஆகிவிட்டதாம். அரங்கத்தின் ஆள் மேடை ஓரத்தில் நின்று கையைக் காட்டுகிறார்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிகழ்ச்சி முக்கால் மணி நேரம் பிந்தித் தொடங்கியதே அரங்கத்துக்காரர்களால்தான். டிரம்ஸ் வாசித்த பையன் மட்டும் இன்னும் ரெண்டு ஆவர்த்தனம் வெறுமனே அடித்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தான். அவன் முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவனுக்குப் பரமக்குடி தாண்டும்வரை அந்த ஏழு எண்ணிக்கை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, இறங்க இடமில்லாமல்.

அப்புறம் வீட்டுக்கு வந்து, தகரப் பெட்டியில் கிடந்த அந்த டிடிகே கேசட்டைத் தேடி எடுத்தேன். கீழக்கரை பாய் துபாயிலிருந்து கொண்டுவந்து நமக்குப் பதிந்து கொடுத்தாரே, அதுதான். உப்புக்காற்றில் இத்தனை வருஷம் கிடந்தும் நாடா பூஞ்சை பிடிக்கவில்லை. ஜெத்ரோ டல் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘திக் ஆஸ் எ ப்ரிக்’, 1972. ஏறத்தாழ 44 நிமிடம், முழுக்க ஒரே பாட்டு. இசைத்தட்டில் ஒரு பக்கத்தில் அடங்காது என்பதால் நடுவில் ஓசையைத் தேயவிட்டு, தட்டைத் திருப்பிப் போட்டதும் மறுபடி எழுப்பியிருப்பார்கள். நம்முடையது 90 நிமிடக் கேசட். பாய் முழுவதையும் ஒரே பக்கத்தில் இறக்கிவிட்டார். நடுவில் தேய்ந்து எழுவதும் பாட்டின் ஒரு கட்டம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. ஜெத்ரோ டல் என்பது விதைக்கும் கருவி செய்த 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து விவசாயியின் பெயர் என்று தெரிந்த அன்றைக்கு உன் அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டார்!

அந்த வயசில் 44 நிமிடம் ஒரே பாட்டை நம்மால் எப்படி உட்கார்ந்து கேட்க முடிந்தது என்று யோசித்தேன். கல்லூரியில் கூடப் படித்த டவுன் பையன்கள் ஐந்து நிமிடத்தில் எழுந்து போனார்கள். நாம் போகவில்லை. காரணம் உன் சித்தப்பாதான் மாப்ளே. கோயில் திருவிழாவில் அவர் மிருதங்கம் வாசிக்கிற நாடகத்துக்கெல்லாம் நம்மைக் கூட்டிப்போய் மேடைக்கு அடியில் உட்காரவைத்துவிடுவார். ‘வள்ளி திருமணம்’ பத்து மணிக்குத் தொடங்கினால், பபூன் வந்து, நாரதர் வந்து, வள்ளியோடு தர்க்கம் முடிந்து, முருகன் வேடனாக வருவதற்குள் விடியப் பார்க்கும். அதுவரை கிழவிகள் வெற்றிலை போட்டுக்கொண்டு அசையாமல் இருப்பார்கள். பாதியில் தூங்கி எழுந்தாலும் அதே ஆர்மோனியம், அதே சுருதி. ஒரு மெட்டு மறுபடி வரும் என்று நம்பி இரவெல்லாம் காத்திருக்க நம் காது அங்கேதான் பழகியது.

உன் தாள எண்ணிக்கையும் அவர் கொடுத்ததுதானே. 2002 ஏப்ரலில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பிங்க் ஃபிளாய்டு குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸைப் பார்க்க இங்கிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் மதுரைக்குப் போய், அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் போனோம். அந்தக் குழுவின் ‘மனி’ பாட்டு தொடங்கியதும் அத்தனை கூட்டமும் நாலு நாலாகக் கைதட்டப் பார்த்துத் தடுமாறியது. அது ஏழு. நீ மட்டும் தொடையில் தகிட தகதிமி என்று போட்டுக்கொண்டு சிரித்தாய். கிடார் தனியாக எழும்பும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறியதும் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கியது பார், கால் அடியில் தரை அதிர்ந்தது. கேசட்டில் அந்த இடத்தை நான் நூறு முறை கேட்டிருப்பேன். ஏழு தீர்ந்து நாலு வரும்போது உடம்புக்கு ஏற்படும் அந்த விடுதலை, ஆயிரக்கணக்கான பேரோடு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அன்றையிலிருந்து கச்சேரி என்றால் கடன் வாங்கியாவது போய்விடுகிறேன். 2009இல் ஸ்வீடன் மெட்டல் குழு ஓபெத் சென்னை ஐ.ஐ.டி. சாரங் விழாவுக்கு வந்தபோது நீ ஊரில் இல்லை, தனியாகப் போய் வந்தேன்.

நீ லண்டனில் 2019 ஜூனில் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கிங் கிரிம்சன் ராக் குழுவைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மேடையின் முன்வரிசையில் மூன்று டிரம்ஸ், நம்ம ஊரில் நையாண்டி மேளத்தை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் வருகிற மாதிரி என்று எழுதியிருந்தாய். அவர்களுடைய கிடார்காரர் ராபர்ட் ஃபிரிப் வழக்கம்போல ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தே வாசித்தார். கடைசியில் பேஸ் வாசிக்கிற டோனி லெவின் தன் கேமராவைத் தூக்கிக் கூட்டத்தைப் படம் எடுக்கும்போது மட்டும்தான் நாமும் படம் எடுக்கலாம், அதுவரை யாரும் செல்போனை வெளியே எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. மதுரையில் என் முன்னால் இருந்தவர் பதினாலு நிமிடமும் செல்போனைத் தூக்கியே பிடித்திருந்தார். அவரிடம் அந்தப் பாட்டின் படம் இருக்கும். மெட்டு பாதியாகத் திரும்பிய இடத்தைக் கவனித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

2021 டிசம்பர் 8இல் டோக்கியோ கச்சேரியோடு கிங் கிரிம்சனும் முடித்துக்கொண்டார்கள். யெஸ் குழுவில் பேஸ் வாசித்த கிறிஸ் ஸ்கொயர் 2015இல் இறந்துபோனார். எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவின் கீத் எமர்சனும் கிரெக் லேக்கும் 2016இல், ஒரே வருஷத்தில். ரஷ் குழுவின் டிரம்ஸ்காரர் நீல் பியர்ட் 2020இல். இவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய குறைதான்.

இதோடு இன்னொன்றும் சொல்லவேண்டும். இராமநாதபுரத்தில் காது டாக்டரிடம் போனேன். சோதனைப் படத்தில் இடது காதுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறது. இரைச்சலில் வேலை பார்க்கிறவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தான், போனது திரும்பாது என்றார். முப்பது வருஷம் ஆறு சிலிண்டர் லேலண்ட் என்ஜினுக்குப் பக்கத்தில் தலையை வைத்து, 1-5-3-6-2-4 என்று வெடிக்கிற வரிசையில் எது தவறுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்தவன் நான். அந்தக் காதுதான் சோறு போட்டது. இப்போது சிம்பலைத் தட்டினால் அதன் ஓரத்தில் வரும் சலசலப்பு இடது பக்கம் கேட்பதில்லை. ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் குழலுக்குள் மூச்சோடு குரலையும் சேர்த்து ஊதும்போது ஒரு கரகரப்பு வருமே, அது பாதிதான் கேட்கிறது. பயப்படாதே, பேச்சு நன்றாகக் கேட்கிறது. பட்டறையிலும் கச்சேரியிலும் காதில் அடைப்பான் வைத்துக்கொள்கிறேன். நீயும் வை. ஆனால் மிச்சமிருக்கிற காதோடு கேட்கவேண்டியதைத் தள்ளிப்போட எனக்கு இனி மனசில்லை.

போன வெள்ளிக்கிழமை உச்சிப்புளிக்குப் போய் உன் சித்தப்பாவைப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை, வாசிப்பதை விட்டுவிட்டார். ஆனால் காது இருக்கிறதே மாப்ளே, என்னுடையதை விடத் தெளிவு. ஜெத்ரோ டல்லின் 2025 ஆல்பத்தில் ஏறத்தாழ 17 நிமிடத்துக்கு ஒரு பாட்டு இருக்கிறது. அது வந்தபோது ஆண்டர்சனுக்கு 77 வயசு. அதைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். திண்ணைத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், “வயசாளிக் குரல். ஆனா அவசரப்படல பாத்தியா” என்றார்.

மதுரையில் நடந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு, “நாரதர் கேள்வி கேட்டதும், வள்ளி வாயத் திறக்குமுன்ன திரையப் போட்ட மாதிரியில்ல இருக்கு. அந்தப் பிள்ளைகள இங்க வரச் சொல்லு, முழுசா வாசிக்கட்டும்” என்றார்.

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே அந்த டிரம்ஸ் பையனுக்குப் போன் போட்டேன். ஜூன் 14ஓடு தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போய்விடும். அதற்கடுத்த ஞாயிறு பட்டறை முற்றம் காலியாக இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கினால் யாரும் சுவிட்சை அணைக்க முடியாது. டிரம்ஸை மதுரையிலிருந்து டெம்போவில் ஏற்றிவர நான் ஏற்பாடு செய்கிறேன். ஐம்பது நாற்காலி போதும். அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பையன்கள் ஒத்துக்கொண்டார்கள். முதல் பதினாலு நிமிடத்தையும் சேர்த்து ஆரம்பத்திலிருந்தே வாசிக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் கச்சான் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, பலமாக இருக்கும், உனக்கே தெரியும். மைக்கில் காற்று அடித்தால் எல்லாம் கெட்டுவிடும். மேடையைத் தென்மேற்குச் சுவரை ஒட்டிப் போட்டு, பின்னால் படகுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொன்னார் சித்தப்பா. அப்படிச் செய்தால் சத்தமும் காற்றோடு ஆட்களை நோக்கி வரும். நாடக மேடை போட்ட அனுபவம்.

உன் லீவை ஜூனுக்கு மாற்ற முடியுமா என்று பார். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வண்டியில் வந்தால் மண்டபத்தில் இறங்கிவிடு, ஸ்டேஷனுக்கு வருகிறேன். புதுப் பாம்பன் பாலத்தை இன்னொரு நாள் போய்ப் பார்க்கலாம். வரும்போது கிடாருக்கு ஸ்டீல் தந்தி இரண்டு செட், பேஸுக்கு ஒரு செட் வாங்கி வா. இந்த உப்புக்காற்றில் பையன்களுடைய தந்தி துருப்பிடித்துவிடும். பிரித்துவிடாதே, வாசிக்கிற அன்றைக்குக் காலையில் மாட்டிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை