தமிழில் எழுதிய விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள்

இணையவழிப் பொதுச் சுகாதாரப் பாடத்தை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் பாடத்தில் இரண்டு தவணையாகத் துணைப் பயிற்றுநராக இருக்கிறேன். விடை திருத்துவேன், சந்தேகம் தீர்ப்பேன், பின்தங்குகிறவர்களைத் தேடிப் பிடிப்பேன். கடைசி வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சென்ற தவணையில் இங்கே சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி ஒன்றில் இருக்கும் கட்டுமான ஊழியர் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் கைபேசியிலேயே படிப்பவர். ஒரு நோய் எத்தனை பேரிடம் இருக்கிறது, புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது, இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்டிருந்தோம். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒன்றரை வரி எனக்கு விளங்கவில்லை. பத்துக்கு இரண்டு போட்டேன்.

மனம் கேட்கவில்லை. கூப்பிட்டுப் பேசினேன்.

“இன்னிக்கு எங்க ரூம்ல எத்தனை பேரு காய்ச்சல்ல படுத்திருக்காங்கங்கிறது ஒரு கணக்குக்கா. இந்த வாரம் புதுசா எத்தனை பேரு படுத்தாங்கங்கிறது வேற கணக்கு. பழைய ஆளு எந்திரிக்கலேன்னா முதல் கணக்கு ஏறிக்கிட்டே போகும், ரெண்டாவது அப்படியே நிக்கும்.”

இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் விளக்கியதில்லை. மருத்துவர் ஜான் ஸ்னோ 1854இல் லண்டனில் காலராவைத் தண்ணீர்க் குழாய்வரை துரத்திப் பிடித்த பாடத்தில், அந்தத் தெருவில் ஓர் அறைக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டவரும் அவர் ஒருவர்தான்.

2020 டிசம்பரில் வெளியான அரசாங்கக் கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குக் கொவிட்-19 தொற்றியிருந்தது. நமக்கு அது பாடத்தில் வரும் ஓர் எண். அவர் அந்த 47க்குள் இருந்தவர். அன்று விடுதிகளுக்கு அறிவிப்புகள் தமிழிலும் போயின. இங்கே தமிழ் அதிகாரத்துவ மொழியும்கூட. நம் விடைத்தாளில் மட்டும் அதற்கு இடமில்லை.

கலைச்சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். மருந்தகத்திலும் அறிக்கையிலும் அவைதாம் புழங்குகின்றன. விளக்கத்தைத் தமிழில் எழுத விடுங்கள். திருத்துவதில் பாரபட்சம் வரும் என்று தயங்கினால், தமிழ் தெரிந்த இருவர் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். கூடுதல் ஊதியம் இல்லாமலே நான் ஒருத்தியாக இருக்கிறேன்.

அவருடைய அந்த விடைக்கு இன்னும் இரண்டு மதிப்பெண்தான் பதிவில் இருக்கிறது. பேசியதைக் கணக்கில் எடுக்க விதி இல்லாததால் என்னால் மாற்ற முடியவில்லை. அதை மாற்ற முதலில் அனுமதி கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துணைப் பயிற்றுநர்களில் ஒருத்தி
சிங்கப்பூர்