தூண்டில் போடும் பிள்ளைகளுக்குக் கரையைப் பற்றியும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஏரிகளில் தூண்டில் போடும் பிள்ளைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். செல்போனை வைத்துவிட்டுப் பையன்கள் கரைக்கு வருகிறார்கள் என்று படிக்கவே சந்தோஷமாக இருந்தது. நானும் ரெட்டேரியில் மூங்கில் கழியும் தக்கையுமாக வளர்ந்தவன்தான். ஆனால் நீங்கள் போட்டிருந்த படம் மனதை விட்டுப் போகவில்லை. காலில் செருப்புகூட இல்லாமல் ஒரு பையன் கோரைக்கு நடுவில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் கரையில் மீன் குடலும் செதிலும் கொட்டிக் கிடக்கிறது, பொழுதும் சாய்ந்துவிட்டது. எந்த இரைக்கு எந்த மீன் கடிக்கும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, அந்தப் பையன் காலுக்கு என்ன ஆகலாம் என்று ஒரு வரி இல்லை.

என் மகள் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை என்னை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்கு மீன் பிடிக்கக் கூட்டிப் போனார். அந்த மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 13 லட்சம் அலிகேட்டர் முதலைகள் இருக்கின்றன, 67 மாவட்டங்களில் அது இல்லாத மாவட்டமே கிடையாது. அதனால் குளம், குட்டை, கால்வாய் எதுவாக இருந்தாலும் உள்ளே ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் கரையில் நிற்பார்கள். மாப்பிள்ளை தூண்டிலில் ஒரு மீன் மாட்டித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்தது. அப்போது கொஞ்சம் தள்ளி இரண்டு புடைப்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது, நான் ஏதோ கட்டை என்று நினைத்தேன். கட்டை மீன் இருக்கும் திசைக்குத் திரும்பியது. அவர் யோசிக்கவே இல்லை, சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்துத் தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு என் கையைப் பிடித்து நாலு எட்டு பின்னால் இழுத்தார். மீனும் போச்சு, முள்ளும் போச்சு. எனக்கு மனசே ஆறவில்லை. "மீன் போனா போவுது மாமா, அதோட இழுபறி பண்ணா நாமளே அதைக் கரைக்குக் கூப்பிடுற மாதிரி" என்றார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை அது சுறுசுறுப்பாகத் திரியும், அதனால் இருட்டில் தண்ணீர் ஓரம் போவதில்லை. பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரிலேயே தொங்கவிடுவதில்லை. மீன் கழுவிய கழிவைக் குளத்தில் போடுவதில்லை, குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். நாயைத் தண்ணீர் ஓரம் கூட்டிப் போவதில்லை. அலிகேட்டருக்குத் தீனி போடுவது அங்கே சட்டப்படி குற்றம், ஏனென்றால் மனிதர் கையால் தின்று பழகிய முதலைக்கு மனிதர் மேல் இருக்கும் பயம் போய்விடும். சரி, துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்கிறார்களே என்று கேட்டேன். அதெல்லாம் கட்டுக்கதை, நேராக, தண்ணீரை விட்டு விலகி ஓட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

நம்ம ஊர் ஏரிக்கும் அலிகேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்தியக் காடுகளிலும் ஆறுகளிலும் அலிகேட்டரே கிடையாது. அது அமெரிக்காவிலும் சீனாவிலும்தான் உண்டு. நம் நாட்டில் சதுப்பு நில முதலை, உவர்நீர் முதலை, கரியல் என்று மூன்று இனம், அதில் தமிழ்நாட்டு நன்னீரில் இருப்பது சதுப்பு நில முதலை. அமராவதி அணை, சாத்தனூர் அணை, சிதம்பரம் பக்கம் கொள்ளிடம், இங்கெல்லாம் இருக்கிறது. கொள்ளிடக் கரை ஜனங்களுக்கு முதலைக் கடி புதிதில்லை. அந்தப் பக்கம் தூண்டிலோடு போகிற நம் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர், நெடுங்குன்றம் பக்கம் ஒரு முதலை ராத்திரியில் ரோட்டைக் கடந்த வீடியோ வந்ததே, மறுநாளே எங்கள் மாதவரத்தில் அது புழல் ஏரிக்கு வந்துவிட்டது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த இடம் எங்கே, புழல் எங்கே, நடுவில் ஒரு ஊரே இருக்கிறது. பத்து நாள் ஜனங்கள் தண்ணீரைப் பார்த்தே பயந்தார்கள். ஆனால் காலடியில் இருக்கும் புல்லை ஒருத்தரும் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

என் அக்கா மகனுக்கு நடந்தது இது. எங்கள் பக்கத்து ஏரி ஒன்றின் கரையில், மாலை ஆறு மணிக்கு மேல், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியவன் காய்ந்த புல்லில் கால் வைத்தான். கண்ணாடி விரியன். குக்கரில் ஆவி போகிற மாதிரி சத்தம் கேட்டதாம், என்ன என்று திரும்புவதற்குள் கணுக்காலில் கடித்துவிட்டது. கூட இருந்தவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள், ஆனால் செய்தது எல்லாமே தப்பு. தூண்டில் நரம்பையே எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார்கள். ஒருத்தர் பிளேடால் கீறி ரத்தத்தைப் பிதுக்கினார். இன்னொருத்தர் பாம்பை அடித்துக் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்று அதைத் தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் வேரை அரைத்துக் கொடுக்கிறவர் ஒருவர் வீட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டது, கீறிய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை.

அங்கே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அவன் ரத்தத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்கள். 20 நிமிடம் யாரும் தொடக்கூடாது என்றார் நர்ஸ். நானும் அக்காவும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். 20 நிமிடம் கழித்துச் சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. நல்ல ரத்தமாக இருந்தால் உறைந்திருக்க வேண்டும். உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள், அப்புறம் சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் வரை போய்ப் பிழைத்து வந்தான். கண்ணாடி விரியன் விஷம் ரத்தம் உறைவதையே கெடுத்துவிடும், அதன் மேல் பிளேடு வைத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை. கட்டிய கட்டால் காலும் வீங்கிக் கறுத்திருந்தது.

கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாய் வைத்து உறிஞ்சக்கூடாது, கடிபட்டவனை நடக்கவிடக்கூடாது. மோதிரம், கொலுசு, கயிறு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, காலை அசையாமல் ஒரு கட்டையோடு தளர்வாகத் துணியால் கட்டி, 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை, 1978-இல் தொடங்கிய, வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது, பல் பட்ட தடமும் சரியாக இருக்காது. ராத்திரி கரையில் படுத்து மீன் பிடிக்கிறவர்கள் வயிறு வலிக்கிறது, கண் இமை தொங்குகிறது என்று சொன்னால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பாம்பு ஏன் கரைக்கு வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தால், நாங்களேதான் வரவழைத்திருக்கிறோம். தினமும் அதே இடத்தில் உட்கார்ந்து குடலைக் கொட்டினோம், மீந்த மைதா உருண்டையை எறிந்தோம், அதற்கு எலி வந்தது, எலிக்குப் பாம்பு வந்தது. மாப்பிள்ளை குப்பைத் தொட்டியைக் காட்டியபோது எனக்கு அந்த ஏரிக்கரைதான் ஞாபகம் வந்தது. எலி இருந்தால் எலிக்காய்ச்சலும் உண்டு, காலில் புண்ணோடு சேற்றில் இறங்குகிற பையன்களுக்கு அது ரொம்பச் சுலபமாக வரும். தெருநாய்களும் அங்கேதான் கூடும்.

தண்ணிப் பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையில் போட்டு வைத்த மீனுக்காக அது வரும், பிடித்தால் வெடுக்கென்று கடிக்கும், விஷம் கிடையாது. பையன்கள் அதை வாலைப் பிடித்துச் சுழற்றித் தரையில் அடிக்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. தவிரவும் அரை இருட்டில் எது தண்ணிப் பாம்பு, எது விரியன் என்று எனக்கே இத்தனை வருஷம் கழித்தும் உறுதியாகச் சொல்ல வராது. மீனைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் தள்ளி நின்றால் அதுவே போய்விடும்.

மீனிலேயே தேளி இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. சேற்றில் கிடக்கும், கறுப்பாக வழவழவென்று இருக்கும், பக்கத் துடுப்பில் ஒளிந்திருக்கும் முள் குத்தினால் பெரிய ஆம்பளைகளே அழுவார்கள். வெறுங்கையால் பிடிக்காமல் ஈரச் சாக்கை மேலே போட்டு அமுக்கிக் கொண்டுதான் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். குத்திவிட்டால், தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை அரை மணி நேரமாவது அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் கால் வைக்காதீர்கள், அடியில் சவுடு மண் அள்ளிய பள்ளம் இருந்தால் ஆளே தெரியாமல் உள்ளே போய்விடுவான்.

இன்னொன்று மனசு கேட்காமல் எழுதுகிறேன். போன மழைக்குப் பிறகு கரையோரச் சீமைக்கருவேலத்தில் ஒரு நீர்க்காகம் தலைகீழாகத் தொங்கியது. அறுந்த தூண்டில் நரம்பு சிறகைச் சுற்றி, முள் அலகின் ஓரத்தில் ஏறியிருந்தது. கிளையை இழுத்து நான் நரம்பை அறுக்கும்போதும் அதற்கு உயிர் இருந்தது, கீழே வைத்த பிறகுதான் போனது. அந்த நரம்பு எங்களில் யாரோ ஒருத்தர் வீசியது. சிக்கின நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது பெரிய வேலை இல்லை. குளத்து ஆமை தூண்டிலில் மாட்டினாலும் அப்படித்தான், வீட்டுக்குத் தூக்கிப் போகக்கூடாது, அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். நரம்பை முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

நான் இப்போதும் போகிறேன். கணுக்கால் மூடும் ரப்பர் பூட்ஸ், ஒரு டார்ச், தட்டிக்கொண்டே நடக்க ஒரு கம்பு, கத்தரி, கழிவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, இவ்வளவுதான் கூடுதல் சுமை. உட்காரும் முன் கல்லைக் கம்பால் தட்டிப் பார்ப்பேன், கண் போகாத இடத்தில் கையோ காலோ வைக்க மாட்டேன், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவேன்.

ஆசிரியர் அவர்களே, முழு ஆண்டு லீவு வரப்போகிறது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே நாலு பையன்கள் மூங்கில் வெட்டிவிட்டார்கள், அவர்களைத் தடுக்க எனக்கு மனசும் இல்லை. லீவு விடுவதற்குள் வருகிற ஒரு ஞாயிறில் அதே பக்கத்தில் பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு டாக்டரிடம் கேட்டுக் கட்டம் கட்டிப் போடுங்கள். கூடவே ஒரு படம் போடுவதாக இருந்தால், பூட்ஸ் போட்ட பையன் படமாகப் பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாதவரம், சென்னை-60.