செயலாளர் ஆண்டறிக்கை – 2025 (குடியிருப்போர் நலச் சங்கம், திருப்பூர்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சங்கத்தின் நடவடிக்கைகளை, 11.01.2026 ஞாயிற்றுக்கிழமை கூடியுள்ள இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இவ்வறிக்கையில் வழக்கமாகக் குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்குமே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இவ்வாண்டு அவற்றை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்: தண்ணீர் சென்ற ஆண்டைப் போலவே வருகிறது, மூன்றாம் வீதிச் சாக்கடை சென்ற ஆண்டைப் போலவே நிற்கிறது. மீதி இடம் முழுவதையும் நம் வேலைக்கும், அந்த வேலை குறைந்த மாதங்களில் நம் வீதியைத் தேடி வந்த கட்சிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறேன். நம் லைன் வீடுகளில் பெரும்பாலானவற்றில் சனிக்கிழமை பனியன் கம்பெனிச் சம்பளம் வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியும் என்பதால், இது சங்கத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட பொருள் என்று யாரும் கருத மாட்டீர்கள் என நம்புகிறேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்தியப் பொருள்களுக்கு 26 சதவீதக் கூடுதல் வரி என்று அறிவித்துப் பின்னர் அதை நிறுத்தி வைத்தபோது, நமக்கு வேலை குறையவில்லை. வரி வருமுன் சரக்கை ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இரவு வேலையும் சேர்ந்துகொண்டது. பிறகு ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதமும் வந்தன. பருத்திப் பின்னலாடைக்கு ஏற்கெனவே இருந்த இறக்குமதி வரியின் மேல் இந்த 50 சதவீதம் ஏறி உட்கார்ந்தது. வங்கதேசம், வியட்நாம், இலங்கை ஆகியவற்றுக்கு 20 சதவீதம். கம்போடியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் 19. ஒரு டி-சர்ட்டில் கம்பெனிக்கு நிற்கும் லாபத்தை அறிந்த எவருக்கும் இந்த 30 புள்ளி வித்தியாசத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 27 அன்று விநாயகர் சதுர்த்தி விடுமுறை. மறுநாள் வேலைக்குப் போனவர்களில் சிலர், கட்டிங் மேசையில் துணி விரிக்கப்படாததைப் பார்த்துவிட்டு மதியத்திற்குள் திரும்பி வந்தார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீதியில் யாரும் 'வேலை நீக்கம்' செய்யப்படவில்லை. நீக்குவதற்கு முதலில் ஆள் பதிவேட்டில் இருக்க வேண்டும். காண்ட்ராக்டரிடமும் ஜாப் ஒர்க் யூனிட்டிலும் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக் கணக்கில் கூலிக்கு, வேலை பார்ப்பவரிடம், "லோடு இல்லீங்க, வந்தா போன் பண்றேன்" என்று சொல்லிவிடுவார்கள், அவ்வளவே. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட், வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் என்று பழகிய குடும்பத்துக்கு முதலில் மாலை அரை ஷிப்ட் போகும். பிறகு வெள்ளி, சனி போகும். கடைசியில் போன் வராது. இப்படிப் போனது எந்த அரசுக் கணக்கிலும் ஏறாது என்பதால், செப்டம்பர் மாதச் செயற்குழு ஒரு நோட்டுப் போடத் தீர்மானித்தது. ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு ஒருவர் வந்து, அந்த வாரம் கிடைத்த ஷிப்டுகளை எழுதிக் கையெழுத்திடுவது என்பது ஏற்பாடு. அக்டோபர் முதல் வாரத்துப் பக்கம் ஒன்றை வாசிக்கிறேன், பெயரை விட்டுவிடுகிறேன். "கணவர் பவர்டேபிள் (தையல்), மனைவி செக்கிங் (தைத்ததைச் சரிபார்த்தல்). ஜூலையில் இருவருக்கும் சேர்த்துப் பதினேழரை. இந்த வாரம் ஏழு." அதன் எதிரே அந்த அம்மையாரே சிறிய எழுத்தில் சேர்த்திருக்கிறார்: "குழுக் கடன் வியாழன் கட்ட வேண்டும்."

இந்த ஊருக்கு இது முதல் அடியன்று என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும் இப்படித்தான் நூல் வண்டிகள் நின்றன. மூன்று மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதில் திருப்பூர் வடக்கில் அ.தி.மு.க.வும் திருப்பூர் தெற்கில் அதன் கூட்டணியிலிருந்த மார்க்சிஸ்ட் கட்சியும் வென்றன. பிறகு 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கமும், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யும், 2020 மார்ச்சில் ஊரடங்கும் வந்தன. இவற்றையெல்லாம் கடந்தோம் என்பது உண்மைதான்; ஒவ்வொரு முறையும் சில வீடுகள் காலியாகி வேறு ஆட்கள் குடிவந்தார்கள் என்பதும் உண்மை.

இனி கட்சிகளைப் பற்றி. நம் துணைவிதியின்படி சங்கம் கட்சி சாராதது. ஆனால் உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். எனவே நடந்ததை மட்டும் பதிவு செய்கிறேன். ஆகஸ்டில் முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், தமிழ்நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் 31 சதவீதம் அமெரிக்காவுக்குப் போவதையும், ஜவுளித் துறையில் 75 லட்சம் பேர் வேலை செய்வதையும், 30 லட்சம் வேலைகள் உடனடி ஆபத்தில் இருப்பதையும் குறிப்பிட்டார். செப்டம்பர் 2 அன்று தி.மு.க. கூட்டணி நம் ஊரிலேயே மத்திய அரசைக் கண்டித்து ஆர்ப்பாட்டம் நடத்தியது. மத்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை விலக்கி, அவ்விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. நவம்பரில் 25,060 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டத்துக்கும், ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை கூடுதல் கடனுக்கு உத்தரவாதம் தரும் திட்டத்துக்கும் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏப்ரலில் மீண்டும் கைகோத்த அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் மேடைகளில் இவற்றையும், மாநில அரசின் மின்கட்டண உயர்வையும் பேசின. டிசம்பர் 18 அன்று விஜயமங்கலத்தில் த.வெ.க. கூட்டம் நடந்தது, டிசம்பர் 29 அன்று பல்லடத்தில் தி.மு.க.வின் மேற்கு மண்டல மகளிர் மாநாடு நடந்தது. செப்டம்பர் 27 அன்று கரூர்க் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு, எக்கட்சிக் கூட்டத்துக்கும் சங்கத்தின் பெயரில் வேன் ஏற்பாடு செய்வதில்லை என்று செயற்குழு முடிவெடுத்தது. அம்முடிவை இப்பொதுக்குழு உறுதி செய்ய வேண்டுகிறேன்.

மேலே சொன்னவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. பஞ்சு வரி போனால் நூல் விலை இறங்கும், கடன் கிடைத்தால் கம்பெனி மூடாது, கம்பெனி மூடாவிட்டால் நமக்கு வேலை இருக்கும். ஆனால் மில்லிலும் வங்கியிலும் முதலாளி அலுவலகத்திலும் மடை திறந்து மடை திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை வாரம் ஆகும் என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்லவில்லை.

இது குறித்து நவம்பரில் செயற்குழு ஒரு முயற்சி செய்தது. நம் பகுதியில் கிளை வைத்திருக்கும் எல்லாக் கட்சிகளின் நிர்வாகிகளுக்கும் ஒரே மாதிரியான கடிதம் எழுதி, ஆளுக்கொரு மாலை நம் மன்றத்துக்கு வந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுமாறு அழைத்தோம். பதிவேட்டில் இல்லாத தொழிலாளிக்கு வேலை இல்லாத வாரத்துக்கு உங்கள் கட்சி என்ன தரும், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யைப் பிடிக்காத கம்பெனியைப் பிடிக்க வைக்க என்ன செய்யும். வெளியூர்த் தொழிலாளியின் வாடகைக்கும் ரேஷனுக்கும் என்ன வழி. இவையே கேள்விகள். மூன்று கட்சியினர் வந்தார்கள், இருவர் வருவதாகச் சொல்லி வரவில்லை, மற்றவர்களிடமிருந்து பதிலில்லை. எந்தக் கட்சி எதைச் செய்தது என்பதைத் துணைவிதி கருதி எழுதவில்லை.

வந்த மூவரும் மரியாதையாகவே பேசினார்கள். மூவருமே பேச்சின் முக்கால் பகுதியை வரிக்கு யார் காரணம் என்பதில் செலவிட்டார்கள். இரண்டாம் மாலை, செக்கிங் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் எழுந்து, "அண்ணா, வரிய யாரு போட்டாங்கன்னு எங்களுக்கும் தெரியுங்க. திங்கக்கெழம கம்பெனில கூப்புடுவாங்களான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நிர்வாகி சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, மாதந்தோறும் வரும் மகளிர் பணத்தைப் பற்றியும், அதைத் தம் கட்சி எவ்வாறு கையாளும் என்பதைப் பற்றியும் கூறினார். மற்ற இரு மாலைகளிலும், பேசியவர் வேறாக இருந்தும், கேள்வி வேலையைப் பற்றி எழுந்தபோது பதில் குடும்ப அட்டையைப் பற்றியே வந்தது.

இதை ஒரு குறையாக மட்டும் நான் பதிவு செய்யவில்லை. மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையும், கட்டணமில்லாப் பேருந்தும், இந்தப் பொங்கலுக்கு அறிவிக்கப்பட்ட 3,000 ரூபாயும் இல்லாதிருந்தால், கடந்த நான்கு மாதங்களில் நம் வீதியில் இன்னும் பல வீடுகள் பூட்டப்பட்டிருக்கும். ஆயினும் 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்நாளில் கட்சிக்காரர் நம்மைச் சந்தித்த இடம் கம்பெனி வாசல். கேட் கூட்டத்தில் பேச்சு கூலியையும் போனஸையும் பற்றியது. இன்று அவர் நம்மைச் சந்திக்கும் இடம் ரேஷன் கடை வாசல். தொழிற்சங்கத் தோழர்கள் இன்னும் கேட் கூட்டம் நடத்தவே செய்கிறார்கள். நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோதும் நோட்டீஸ் கொடுத்தார்கள். ஆனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர் நின்று கேட்க வேண்டுமென்றால், முதலில் அவருக்கு அந்த வாசலுக்குள் வேலை இருக்க வேண்டும்.

வாக்குக் கேட்போர் நம் வீதியில் நிற்கும் நேரத்துக்கும், வீதியில் உள்ள வாக்குகளுக்கும் நேரடிக் கணக்கு உண்டு. தேனி, திண்டுக்கல், தஞ்சாவூரிலிருந்து வந்தவர்களில் பலருக்கு வாக்கு ஊரில். ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களுக்கு அவர்கள் மாநிலத்தில். நவம்பரில் பீகார்த் தேர்தலுக்குப் போன நான்காம் வீதி இளைஞர்களில் சிலர், இங்கே வேலை இல்லை என்று கேள்விப்பட்டு இன்னும் திரும்பவில்லை. நவம்பர் 4 அன்று தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இதை மேலும் சிக்கலாக்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் 97.37 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன, அவற்றில் 66.44 லட்சம், இடம் பெயர்ந்தவர் என்ற கணக்கில் வருபவை. நம் பகுதியில் நடந்தது இதுதான்: ஷிப்ட் குறைந்ததால் குடும்பங்கள் சில வாரம் ஊருக்குப் போயின, அலுவலர் படிவத்தோடு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பத்தாண்டாக இங்கேயே வாக்களித்தவர்களும் அவர்களில் உண்டு. வேலையும் போய், வேலையைப் பற்றிக் கேட்பதற்கான வாக்கும் போய், அவர்கள் பொங்கலுக்குப் பிறகு திரும்பி வருவார்கள்.

சங்கம் செய்தவற்றுள் பலன் தந்தது ஒன்று, பாதி பலன் தந்தது ஒன்று. இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்று வேலையிழந்தவருக்கு, சராசரிக் கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கட்சிக்காரரும் அதைச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர்தான் தேடிச் சொன்னார். விசாரித்துப் பார்த்ததில், நம் நோட்டில் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே தேவையான காலத்துக்கு இ.எஸ்.ஐ. கட்டப்பட்டிருந்தது. அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பலன் தந்தது வாடகை விஷயம்: லைன் வீட்டு உரிமையாளர்கள் நால்வருடன் தலைவர் நேரில் பேசியதில், தீபாவளி மாத வாடகையை மூன்று தவணையாக வாங்கிக்கொள்ள அவர்கள் இசைந்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி உரியது.

தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் நான் வெளியூர் சென்றிருந்தபோது, மன்றத்தின் ஒலிபெருக்கி ஒரு கட்சியின் பிரச்சாரத்துக்கு இரவல் போயிருக்கிறது. சாவியை யாரிடம் கொடுத்தேன் என்பதற்கு நானே பொறுப்பு. எழுத்து மூலம் புகார் கொடுத்த உறுப்பினர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். தேர்தல் முடியும் வரை சாவி தலைவர் வீட்டில் இருக்கும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இம்மாதம் 18ஆம் தேதி வரை அவகாசம் உள்ளது. மன்றத்தில் தினமும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை படிவம் 6 எழுதித் தரப்படும். ஊருக்குப் போயிருக்கும் பக்கத்து வீட்டாருக்குத் தயவுசெய்து இன்றே போன் செய்யுங்கள். வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். வேலை நோட்டு இந்த மேசையில்தான் இருக்கிறது. கடந்த வாரக் கணக்கை எழுதாத வீட்டார், பிரியும் முன் எழுதிக் கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்