நோட்டு ஓரத்தில் நீ எழுதிய வரி

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்டு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மகளுக்கு நிச்சயம் முடிந்த செய்தியை நாலாம் பக்கத்தில், அதுவும் வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும் அந்த லாகர் கருவிகளின் விலைக்குக் கீழே எழுதியிருக்கிறாய். நீ மாறவே இல்லை. தை மாதம் கல்யாணம் என்றால் நாங்கள் இருவரும் கட்டாயம் வருகிறோம். என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடந்தால் வலிக்கிறது, வலித்தால் அவரிடமே போகிறேன். அவருக்கு நஷ்டமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடிக் கடலில் வான் தீவுப் பக்கம் பவளப்பாறை நடுவே வெப்பநிலை லாகர் போடப் போகிறோம், மாணவர்களை வைத்து மூன்று வருடமாவது இழுத்துப்போக வேண்டும், தரவை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறாய். இருபது வருடம் தரவு அறையில் உட்கார்ந்தவன் ஆயிற்றே, ஏதாவது பெரிய மென்பொருள் பெயர் சொல்வான் என்று எதிர்பார்க்கிறாய் போலிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு கதை. உன்னிடம் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் வாரம் தவறாமல் தண்ணீர் எடுத்தோமே, அந்த நீல அட்டை நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். விடுதியைக் காலி செய்த அன்று அது என் டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி, கழிமுகத்தின் பழைய வெப்பநிலை எங்காவது கிடைக்குமா சார் என்று கேட்டாள். எனக்கு ஒரே பெருமை. இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் எக்செல்லில் அடித்துக் கொடுத்தேன். தேதி, நேரம், வெப்பநிலை, உப்புத்தன்மை. அவள் வரைபடம் போட்டுக்கொண்டு வந்தாள். 1993 ஜூலையில் கோடு சட்டென்று ஒரு படி ஏறி, அதற்கப்புறம் அந்த உயரத்திலேயே நின்றது. என்ன காரணமாக இருக்கும் என்றாள். பருவமழை, ஆற்றில் வந்த நீர், அது இது என்று நானும் தாடையைத் தடவிக்கொண்டு கால் மணி நேரம் பேசினேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால், ஜூலை மாதப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், சாய்ந்த உன் கையெழுத்து: "பழைய தெர்மாமீட்டரில் கோடு அழிகிறது. இன்று முதல் புதியது. இரண்டையும் ஒரே வாளியில் வைத்துப் பார்த்தோம். புதியது 0.4 கூடக் காட்டுகிறது."

நான் அடித்த அட்டவணையில் ஓரத்துக்கு இடமே இல்லை. எண்களை மட்டும் எடுத்தேன், உன் வரியை விட்டுவிட்டேன். மறுநாள் அந்த 0.4ஐச் சரிசெய்ததும் படி காணாமல் போயிற்று. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. என் கால் மணி நேரச் சொற்பொழிவு அவளுக்கு நினைவிருந்திருக்கும்.

0.4 என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதே. உன் வேலைக்கு அது உயிர்நாடி. கடல் சூட்டில் பவளம் நிறமிழந்து வெளுப்பதைக் கணிக்கிறவர்கள் அந்த இடத்தின் மிகச் சூடான மாதச் சராசரியை எடுத்து, அதற்கு மேல் ஒரு டிகிரி என்றுதான் எல்லைக்கோடு போடுகிறார்கள். அந்த ஒரு டிகிரியில் கிட்டத்தட்ட பாதியை ஒரு தெர்மாமீட்டரே தின்றுவிட்டால் மீதிக்கு என்ன மரியாதை?

நாம் இரண்டு பையன்கள், ஒரு வாளி. உலகக் கடலளவிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. கடல் மேற்பரப்பின் உலகச் சராசரி வெப்பநிலையைப் பார்த்தால் 1945இல் திடீரென்று சுமார் 0.3 டிகிரி விழும். ரொம்ப காலம் அது உண்மையான குளிர்ச்சி என்றே பலரும் நினைத்தார்கள். 2008இல்தான் ஒரு குழு அவிழ்த்தது. போர்க்காலத்தில் வந்த அளவுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கப்பல்களுடையது. அவர்கள் எஞ்சின் அறைக்குள் இழுக்கும் தண்ணீரில் அளந்தார்கள், எஞ்சின் சூடு கொஞ்சம் சேரும். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. அவர்கள் வாளியில் மொண்டு அளந்தார்கள். வாளியில் மொண்ட தண்ணீர் தளத்தில் காற்றுபட்டு ஆவியாகிக் குளிரும், நம் வீட்டு மண்பானை மாதிரி. கடல் அப்படியேதான் இருந்தது, அளந்த கைதான் மாறியது.

ஜப்பான் கதை இதைவிட வேடிக்கை. போருக்கு முந்தைய ஜப்பானியக் கப்பல் பதிவுகளில் ஒரு தொகுதி, கணினிக்கு மாறும் வழியில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை இழந்துவிட்டது. முழுமையாக்கவில்லை, வெறுமனே வெட்டிவிட்டார்கள். 27.9ம் 27தான், 27.1ம் 27தான். கணக்குப் போட்டுப் பார், சராசரியாகக் கிட்டத்தட்ட அரை டிகிரி போய்விடும். வட பசிபிக்கே ஒரு காலத்தில் குளிர்ந்து கிடந்ததுபோல் தெரிந்ததில் இதற்குப் பங்கு உண்டு என்று 2019இல்தான் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்தபோது என் எக்செல் பாவம் கொஞ்சம் லேசானது, உண்மையைச் சொன்னால்.

ஆகவே உனக்கு நான் சொல்லப்போவது மென்பொருள் இல்லை. எக்செல்லோ வேறெதுவோ, உன் பிள்ளைகளுக்குப் பழக்கமானது எதுவானாலும் போதும். ஆனால் ஓரத்துக்கு இடம் வை. ஒவ்வொரு கோப்போடும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு: எந்த லாகர், அதன் எண், யார் போட்டது, எத்தனை மீட்டர் ஆழம், வெயில் படும் பாறையா நிழலா, எப்போது எடுத்தது, எடுக்கும்போது கொட்டலசு பிடித்திருந்ததா. இதற்கு மெட்டாடேட்டா என்று பெரிய பெயர். உன் ஓர வரிதான் அது.

போடும் முன் எல்லா லாகரையும் ஒரே வாளியில் ஒரு நாள் ஊறவிடு. அப்புறம் தெர்மோகோல் பெட்டியில் நொறுக்கிய ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்து அதில் வை. உருகும் ஐஸ் என்றால் பூஜ்யம், எந்த லாகர் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். கடலிலிருந்து எடுத்த பிறகும் இதையே மறுபடி செய். முன்னும் பின்னும் செய்தால்தான் நடுவில் சென்சார் நகர்ந்ததா என்று தெரியும். மீன் கடையில் ஐஸ் வாங்கினால் உப்பு கலந்திருக்கும், ஜாக்கிரதை.

நேரம். இதில்தான் எல்லோரும் விழுகிறோம். லாகர் மடிக்கணினியின் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மாணவன் நம் நேரத்தில் போடுவான், இன்னொருவன் கிரீன்விச் நேரத்தில் போடுவான். ஐந்தரை மணி வித்தியாசம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைவெளி ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். ஐந்தரையைத் தவறாகக் கூட்டினால் ஏற்றம் கிட்டத்தட்ட வற்றமாகிவிடும், வரைபடம் மட்டும் பார்க்க அழகாகவே இருக்கும். உங்கள் பக்கம் நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, ஆனாலும் ஆழமில்லாத பாறை மேல் சூடான தண்ணீர் வந்து போவதில் அதற்குக் கை உண்டு. எல்லாவற்றையும் யுடிசியில், அதாவது அந்தக் கிரீன்விச் நேரத்தில் வை, நெடுவரிசைத் தலைப்பிலேயே யுடிசி என்று எழுது. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போடு. 03-04 என்று எழுதிவிட்டு மூன்றாம் மாதமா நாலாம் மாதமா என்று பின்னால் சண்டை போடாதே.

இடம். வான் தீவு சுமார் 8 டிகிரி 50 நிமிடம் வடக்கு, 78 டிகிரி 13 நிமிடம் கிழக்கு. தசமத்தில் 8.83, 78.22. அவசரத்தில் நிமிடத்தையே தசமம் என்று நினைத்து 8.50, 78.13 என்று அடித்தால் உன் பவளப்பாறை முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து திருச்செந்தூர் கோயில் பக்கத்தில் போய் நிற்கும். முருகனுக்கு ஆட்சேபணை இருக்காது, ஆனால் தரவு போச்சு. வரைபடத்தில் எல்லாப் புள்ளியையும் ஒரு தடவை போட்டுப் பார், நிலத்தில் விழுகிற புள்ளி தானே காட்டிக்கொடுக்கும்.

நீரோட்டமும் அளக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து. காற்றுக்கு நாமும் வானிலைக்காரர்களும் வரும் திசையைத்தான் சொல்கிறோம். நீரோட்டத்துக்குக் கடலியலில் போகும் திசை. "திசை 180" என்று மொட்டையாக ஒரு நெடுவரிசை இருந்தால் அடுத்த வருடப் பையன் தலைகீழாகத்தான் எடுத்துக்கொள்வான்.

அளவு கிடைக்காத இடத்தில் பூஜ்யம் போடாதே. -999 போட்டால் அது என்ன என்று எழுதி வை. ஒருமுறை என்னிடம் வந்த ஒரு கோப்பில் வங்காள விரிகுடாவின் மாதச் சராசரி உறைநிலைக்குக் கீழே இருந்தது, நாலு -999 சேர்ந்ததால்.

சந்தேகமான எண்ணை அழிக்காதே. இது எல்லாவற்றையும்விட முக்கியம். ஆர்கோ மிதவைகளை எடுத்துக்கொள். பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, அளந்துகொண்டே ஏறி வந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறவை, உலகமெங்கும் சுமார் நாலாயிரம். அந்த ஏற்பாட்டில் வந்த எண் வந்தபடியே இருக்கும், பக்கத்தில் ஒரு கொடி: 1 நல்லது, 2 நல்லதாக இருக்கலாம், 3 கெட்டதாக இருக்கலாம், 4 கெட்டது, 9 என்றால் அளவே இல்லை. உடனடியாகக் கணினி ஒரு சோதனை செய்யும், மாதங்கள் கழித்து ஒரு மனுஷன் உட்கார்ந்து மறுபடி பார்ப்பான். இது சும்மா சம்பிரதாயம் இல்லை. 2006இல் மேல்கடல் குளிர்கிறது என்று ஒரு கட்டுரை வந்து பரபரப்பானது. அடுத்த வருடமே அதே ஆசிரியர்கள் திருத்தம் போட்டார்கள். மிதவைகளில் ஒரு தொகுதி அளவைத் தப்பான அழுத்தத்தில், அதாவது தப்பான ஆழத்தில் பதிந்திருந்தது, கப்பலிலிருந்து எறியும் பழைய வகைக் கருவிகளிலும் கோளாறு. அசல் எண்கள் பத்திரமாக இருந்ததால்தான் திரும்பிப் போய்ப் பார்க்க முடிந்தது.

லாகரிலிருந்து இறங்கும் முதல் கோப்பைத் தொடாதே. பூட்டி வை. திருத்தமெல்லாம் நகலில். நகலும் ஒரே வீட்டில் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கீழ்த்தளத்தில் இருந்த கணினி, வெளியில் வைத்த ஹார்ட் டிஸ்க், இரண்டும் சேர்ந்தே மூழ்கின. பரணில் கிடந்த நீல நோட்டு நனைந்தது, ஆனால் பென்சில் எழுத்து கரையவில்லை. மாணவர்களுக்குப் படகில் பென்சில்தான் கொடு.

ஹைதராபாதில் இன்காய்ஸ் இருக்கிறதே, கடல் தரவுக்கு அதுதான் நம் தேசிய மையம். ஒரு வருடத் தரவு சேர்ந்ததும் அவர்களிடம் பேசிப் பார். முறைகளுக்கு யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் ஓஷன் பெஸ்ட் பிராக்டிசஸ் என்று ஒரு சேகரம் நடத்துகிறது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் எழுதிய கையேடுகள் இலவசம். 1853இல் பிரசல்ஸில் பத்து நாட்டுக் கடற்படைக்காரர்கள் கூடி எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி பதிவேடு எழுதுவோம் என்று பேசியதிலிருந்து இந்த முயற்சி நடக்கிறது. இன்னும் முடிந்தபாடில்லை. கையேடு எல்லாவற்றையும் படிக்காதே, கல்யாண வேலை இருக்கிறது.

நோட்டை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், ஓரத்தோடு சேர்த்து. இந்த முறை முழுசாக அடித்து, ஒவ்வொரு வரிக்கும் கொடி போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு இடம் இடிக்கிறது. 1994 பிப்ரவரியில் மூன்று வாரம் காலி. எண்ணும் இல்லை, குறிப்பும் இல்லை. உனக்கு மஞ்சள் காமாலை வந்தது அப்போதா, இல்லை படகுக்காரர் வராமல் போனதா? எனக்கு எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஞாபகம் இருந்தால் எழுது. 9 என்று போட்டுவிட்டுக் காரணத்துக்கான இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்