சிக்னல் சுவருக்கு உள்ளேயும் வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

5ஜி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகத்தைப் பற்றி நிறைய எழுதியிருந்தார்கள். அது சுவரைத் தாண்டி உள்ளே வருமா என்று ஒரு வரிகூட இல்லை. போனை நாம் அதிகம் எடுப்பதே வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும்தானே?

5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் (அலைவரிசையை அளக்கும் அலகு) அலையின் நீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சுமார் 43. அலைவரிசை உயர உயர கான்கிரீட் அதை அதிகமாக விழுங்கும். மூலை முடுக்குகளில் வளைந்து போவதும் குறையும். பழைய டிவி ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியபோது மிச்சமான 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு அவ்வளவு மதிப்பு வந்தது இதனால்தான். ஆனால் அங்கே இடம் குறைவு. 3500-ல் ஒரு நிறுவனம் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை ஒரே கற்றையாகப் பயன்படுத்தலாம். கீழே பெரும்பாலும் 10, 20-க்குள் முடிந்துவிடும். விளம்பரத்தில் காட்டும் வேகத்துக்கு மேல்வரிசைதான் வேண்டும் என்பதால் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருக்கிறது.

டவர் பல பத்து வாட்டில் அனுப்புகிறது. நம் போன் திருப்பி அனுப்புவது பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட். அதனால் சுவரில் முதலில் அடிபடுவது நம் குரல்தான். உள் அறையிலிருந்து பேசிப் பாருங்கள்: மறுமுனைக் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கும், அவரோ "ஹலோ, விட்டு விட்டுக் கேட்குது" என்பார். அந்த நேரத்தில் போன் தன் முழு சக்தியையும் செலவழிப்பதால் பேட்டரியும் மளமளவென்று இறங்கும்.

சுவரைவிட மோசம் புதிய கட்டடங்களின் கண்ணாடி. வெப்பம் உள்ளே வராமலிருக்க மெல்லிய உலோகப் பூச்சு கொடுக்கிறார்கள்; அது ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடும். இழப்பு 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்குதான் உள்ளே வரும், 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இங்கே 700-ம் திணறும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கண்ணாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் போடுகிறவர்கள் உள்ளரங்க ஆன்டெனாவுக்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக. கட்டி முடித்த பிறகு கேபிள் இழுப்பது பெரும்பாடு.

டவருக்குப் பதில் வீட்டு இணையம் வழியாகப் பேசும் வைஃபை காலிங் இருக்கிறதே என்பார்கள். சரி, நல்ல வசதிதான். ஆனால் மின்சாரம் போனால் ரவுட்டரும் போய்விடும். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நேரமாக அது இருந்தால் என்ன செய்வது?

அப்புறம், கவரேஜ் வரைபடங்கள். பல வரைபடங்களில் தெருவில் கிடைக்கும் சிக்னலுக்கே நிறம் பூசியிருக்கிறது. வெளியே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம் என்று பிரித்துக் காட்டட்டும். எந்த அலைவரிசை என்பதையும் சொல்லட்டும். கீழ்வரிசை அலைக்கற்றையை ஏலம் விடும் அரசுகள் உள்ளரங்க சிக்னலையும் உரிம நிபந்தனையாக்கி, கட்டடங்களுக்குள் போய் அளந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்